இருபத்திரண்டு வளைவு இறங்கி வந்த கூடாரம்

குளிர்மந்து மலையில் இருந்த வட்டக் கூடாரம் ஒன்று இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் தன்பாட்டுக்கு இறங்கி வந்து, அடிவாரத்துப் புங்கம்பாளையத்தில் டிரைவர் நாச்சிமுத்து வீட்டு வாசலில் நின்ற விஷயத்தில் அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் பொய் சொல்வதில்லை. தேதியில் மட்டும்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். சித்திரைக் கடைசி என்பார் ஒருவர், இல்லையில்லை, வைகாசி பிறந்துவிட்டது என்பார் இன்னொருவர். நேரில் பார்த்தவர்களுக்கு இப்படித்தான் குழப்பம் வரும். பார்க்காதவர்கள் மணி நிமிஷம் வரை சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள். எப்படியும் அது வெயில் காலம், மலைக்குப் போகிற கார்கள் அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நின்ற காலம், நாச்சிமுத்து செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது, அவர் பெண்டாட்டி மயிலாத்தாள் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கவில்லை.

நாச்சிமுத்து இருபத்தொன்பது வருஷம் அந்த மலைக்கு பஸ் ஓட்டினவர். புதுசாகக் கல்யாணம் ஆனவர்களையும், சுற்றுலா போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளையும், மலைக்காற்றுப் பட்டால் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்களையும் ஏற்றிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தவர், தான் ஒரு நாள்கூட விருந்தாளியாக மேலே தங்கினதில்லை. தங்கினதெல்லாம் டிப்போ ஓய்வறை பெஞ்சில்தான், காலை நீட்டினால் கண்டக்டர் சூசையின் தலையில் இடிக்கும். ஓய்வு பெற்ற மூன்றாவது மாசம், புரட்டாசியில், ஒரு காலை நேரம் குளித்துவிட்டு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சட்டை போட்டுக்கொண்டிருந்தவர், ஒரு கையை நுழைத்துவிட்டு இன்னொரு கையை நுழைக்காமலே நின்றுபோனார். மயிலாத்தாள் வந்து பார்த்தாள். அந்த இன்னொரு கையையும் எடுத்துச் சட்டைக்குள் நுழைத்தாள், பொத்தான்களை மேலிருந்து கீழாகப் போட்டுவிட்டாள், காலரைச் சரி செய்தாள், அதற்கப்புறம்தான் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. கொதிக்கிற காப்பி டம்ளரைத் துணி பிடிக்காமல் எடுத்தாள், ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். எழவு வீட்டில் ஒப்பாரிக்கு வந்த பெண்கள் இவள் ஆரம்பிப்பாள் இவள் ஆரம்பிப்பாள் என்று ரொம்ப நேரம் தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். நாச்சிமுத்துவின் அக்கா பழனாத்தாள், மயிலாத்தாளுக்கு நங்கையா முறை, ஊர் என்ன பேசும் என்று பயந்துபோய் யாருக்கும் தெரியாமல் தம்பி பெண்டாட்டியின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மூன்றாம் நாள் குளிக்கும்போது அந்த இடம் நீலமாக இருப்பதைப் பார்த்து மயிலாத்தாள், எங்கே இடித்துக்கொண்டோம் என்று யோசித்தாள்.

செத்தவர் போனுக்குத் தினமும் சார்ஜ் போட்டு வைத்தாள். பாசம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பாத்திரம் கழுவுவது, மோட்டார் போடுவது மாதிரி அதுவும் ஒரு வேலை, அவ்வளவுதான். அந்த போனுக்குத்தான் ஒரு நாள் மேலேயிருந்து செய்தி வந்தது: அன்புள்ள நாச்சிமுத்து, நீங்கள் சொல்லி வைத்தபடி உங்கள் குடும்பத்துக்கு எங்கள் யர்ட் தயாராக இருக்கிறது, ஐந்து பேருக்கும் காலையில் இட்லியா, ரொட்டியா?

ஓய்வு பெற்ற மறுவாரமே அடுத்த கோடைக்கென்று மனுஷன் பதிவு செய்து வைத்திருக்கிறார், யாரிடமும் மூச்சு விடவில்லை.

மயிலாத்தாள் செய்தியைத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிற மகன் தினகரனுக்கு அனுப்பினாள், அவன் ஓசூரில் நர்ஸாக இருக்கிற தங்கச்சி யமுனாவுக்கு அனுப்பினான், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் வீடியோவில் வந்துவிட்டார்கள். யர்ட் என்றால் மங்கோலியா பக்கம் ஆடு மேய்க்கிறவர்கள் கம்பளியில் கட்டிக்கொள்கிற வட்ட வீடு, இது அதே மாதிரிக் கூடாரம், ஆனால் உள்ளே கட்டில், மெத்தை, ஹீட்டர், சுடுதண்ணி, கக்கூஸ் எல்லாம் உண்டு, இதற்குப் பேர் கிளாம்பிங் என்று மருமகள் ஷோபனா விளக்கினாள். எல்லாம் உண்டென்றால் அப்புறம் எதுக்குக் கூடாரம் என்று மயிலாத்தாள் கேட்டாள். கேட்டது கேலிக்கு இல்லை, பதில் தெரிந்தாக வேண்டும் என்றும் இல்லை.

ஆனால் பிள்ளைகள் அந்தக் கேள்வியையே பெரிய முன்னேற்றமாக எடுத்துக்கொண்டார்கள். அப்பா ஆசைப்பட்டது, அம்மாவுக்கும் ஒரு மாற்றம் என்று முடிவாகி, எட்டு மாசமாக ஒருவரோடு ஒருவர் என்ன பேசுவதென்று தெரியாமல் சாப்டியா, சாப்டேன் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தவர்கள், வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்துத் திட்டம் போட ஆரம்பித்தார்கள். சூரியோதயம் எத்தனை மணிக்குப் பார்ப்பது, எந்த ஸ்வெட்டர் யாருக்கு, கேம்ப் ஃபயருக்கு உருளைக்கிழங்கு இங்கிருந்தே கொண்டுபோவதா. வட்ட அறையில் வடக்கு எது, வடக்கே தலை வைக்காமல் எப்படிப் படுப்பது என்று இரண்டு நாள் போனது. ஐந்தாவது கட்டிலில் பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம் என்றான் தினகரன். அதில் ஒரு சீப்பைக்கூட யாரும் வைக்கக் கூடாது என்றாள் யமுனா. மயிலாத்தாள் இரண்டு பேருக்கும் 'சரி' என்று அனுப்பினாள்.

திட்டம் முடிந்து ஸ்வெட்டர்களை வெயிலில் காயப்போட்ட அன்றைக்குப் பழனாத்தாள் வந்தாள். கொடியைப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள், உட்காராமலே சொன்னாள்:

"வருசம் திரும்புலயே அம்மிணி. எந்தம்பி போயி எட்டு மாசத்துல மலையேறி மெத்தைல படுக்கப் போறீங்களாக்கும்?"

சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வருஷம் திரும்புகிற வரை மலை ஏறக் கூடாது. மற்ற ஊர்களில் மலைக் கோயிலுக்குத்தான் கூடாது என்பார்கள்; மலையடியில் இருக்கிற புங்கம்பாளையத்துக்காரர்களுக்கோ, எந்தப் பாறையில் எந்தச் சாமி உட்கார்ந்திருக்கிறது என்று யார் கண்டது என்பதால், மலை என்றாலே கூடாது. பஸ் டிரைவர், கண்டக்டர், பால் வண்டிக்காரர், காய்கறி லாரிக்காரர் இவர்களுக்கு மட்டும் பெரியவர்கள் எந்தக் காலத்திலோ விலக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இந்தக் காலத்துப் பிள்ளைகள், நினைவில்லை. மயிலாத்தாளுக்கு நினைவிருந்தது, ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. தேதியை மாற்ற முடியுமா என்று கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் முடியாது, கோடை முழுக்க ஆள் நிறைந்துவிட்டது என்றார்கள். சரி, வரவில்லை என்று அவளே சொல்லிவிடட்டும் என்று ஆனது.

மேலே போனை எடுத்தது பிரமிளா என்கிற பெண், அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறவள், குரலில் சளி. மயிலாத்தாள் விஷயத்தைச் சொன்னாள், அவள் ஐயோ பாவம் என்று வருத்தப்பட்டாள், எங்க பக்கமும் இப்படி உண்டுங்கம்மா என்றாள். பேச்சு முடிந்தது. முடிந்ததும் மயிலாத்தாள், வாய் தன்னால் சொல்கிறபடி, அந்த ஊர்ப் பக்கம் யாரும் சொல்லாமல் போனை வைக்காத அந்த வார்த்தையைச் சொன்னாள்:

"நாங்க வர முடியாட்டி என்னங்க, கீழ வந்தா நம்ம வீட்டுக்கு வந்துட்டுத்தான் போகோணும். மறந்துறாதீங்க."

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், தப்பாக வந்த போன், யாராக இருந்தாலும் இதைச் சொல்வது மரியாதை. சொல்கிறவர் நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவர் வருவதும் இல்லை. கட்டாயம் வர்றோம்மா என்று பிரமிளாவும் தன் பங்கு மரியாதையைச் சொன்னாள். ஆனால் அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் ஐந்தாம் நம்பர் கூடாரம் நின்றுகொண்டிருந்தது, மங்கோலியா மாதிரியில் கட்டின கூடாரம், அதற்கு நம் ஊர் மரியாதை எங்கே தெரியும், வா என்றால் வா என்றுதான் அது எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு பிரமிளா கூப்பிட்டு, உங்க கூடாரம் கிளம்பிருச்சுங்கம்மா, இப்ப இருபத்திரண்டாவது வளைவுல நிக்குது, துண்டு, சோப்பெல்லாம் உள்ளயே இருக்குது, நீங்க ஒண்ணும் எடுத்து வைக்க வேண்டாம் என்றாள். சரிங்க என்றாள் மயிலாத்தாள்.

வாய்க்கால் தாண்டுகிற பெண்பிள்ளை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிற மாதிரி, கம்பளி ஓரத்தை ஒரு சாண் உயர்த்திக்கொண்டு, முதல் கியரில் இறங்குகிற பஸ்ஸின் வேகத்தில் அது இறங்கியது. நாளுக்கு நான்கு வளைவு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நகராது. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதைச் சட்டம், அந்தச் சட்டத்தை அது தப்பாமல் கடைப்பிடித்ததால் டிரைவர்களுக்கு முதல் நாளே பிடித்துப்போனது, வெளியூர்க் கார்க்காரர்களைவிட இது எவ்வளவோ மேல் என்றார்கள். வனத்துறைச் செக்போஸ்ட்டில் இதை வாகனம் என்று எழுதுவதா, கட்டிடம் என்று எழுதுவதா, கால்நடை என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் பேசி, கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதி அனுப்பினார்கள். பதினான்காவது வளைவு டீக்கடைக்காரர் அது நிற்பதற்குத் தோதாக பெஞ்சை நகர்த்திப்போட்டார். ஒன்பதாவது வளைவில் பிள்ளையில்லாத இரண்டு பெண்கள் அதன் கயிற்றில் மஞ்சள் நூல் கட்டினார்கள். அது வரம் கொடுத்ததாகத் தெரியவில்லை, மறுக்கவும் இல்லை. குரங்குகள் மட்டும் உச்சியிலிருந்த புகைத்துளையில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, தின்ன ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மற்ற வண்டிகளைப் பார்க்கப் போய்விட்டன.

கீழே புங்கம்பாளையத்தில் வேறு கவலைகள். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் விடாமுயற்சியால்தான் கூடாரம் இறங்குகிறது என்று தட்டி வைத்தார்கள். பஞ்சாயத்து ஆபீஸில் அதற்குக் கதவு எண் கொடுக்கலாமா என்று பேசி, நாளைக்கு வேறு தெருவுக்குப் போய்விட்டால் எண்ணையும் சேர்த்தல்லவா கொண்டுபோய்விடும் என்று ஒத்திப்போட்டார்கள். பாக்கு மண்டியில் பெரியவர்கள் கூடி, சாவு வீட்டுக்காரர் மலை ஏறக்கூடாது என்பது சரி, மலை இறங்கி வந்தால் என்ன செய்வது என்று முன்னோர்கள் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று ஆராய்ந்தார்கள். ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கேரட் மலையிலிருந்து வருகிறது, பால் வருகிறது, யூகலிப்டஸ் தைலம் வருகிறது, எழவு வீட்டில் இதையெல்லாம் வேண்டாம் என்கிறோமா, இதுவும் அப்படித்தான் என்று பழனாத்தாளே தீர்ப்புச் சொன்னாள். தம்பி வரவழைத்ததைத் தெருவில் நிறுத்த அவளுக்கும் மனசில்லை.

பிரமிளா தினமும் வளைவுக் கணக்கைச் சொன்னாள். பதினெட்டு, பதினான்கு, பத்து. எண் குறையக் குறைய, தெருவில் எதிர்ப்படுகிற பெண்கள் மயிலாத்தாளின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்கள். கூடாரம் வரட்டும், அவர் ஆசையாசையாகச் சொல்லி வைத்த கட்டிலைப் பார்க்கட்டும், அழுதுவிடுவாள் என்று எல்லாரும் பேசி வைத்த மாதிரி எதிர்பார்த்தார்கள். அவள் யோசித்தது வேறு. அதையும் பார்த்து ஒன்றும் வரவில்லையென்றால், உள்ளே அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று எட்டு மாசமாக எல்லாரும் சொன்னதும் அவளே சொல்லிக்கொண்டதும் பொய்யாகிவிடும். அடைப்பும் இல்லை ஒன்றும் இல்லை, முப்பத்திரண்டு வருஷம் ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்திவிட்டு அவருக்கென்று உள்ளே எதுவுமே இல்லாத பொம்பளை என்று ஆகிவிடும். அதற்குப் பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயமும் சரியாக வரவில்லை.

ஆறாம் நாள் மதியத்துக்கு முன்னால் அது தெருவுக்குள் நுழைந்தது. பைக்குகளை நகர்த்தினார்கள், கொடிக்கயிறுகளை அவிழ்த்தார்கள், வெள்ளைக் கம்பளி மேலெல்லாம் மலைத்தூசியோடு அது நாச்சிமுத்து வீட்டு வாசலில் வந்து நின்று, தூக்கிப் பிடித்த ஓரத்தை இறக்கிவிட்டது. பழனாத்தாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கதவடியில் வைத்தாள். தினகரனும் ஷோபனாவும் யமுனாவும் லீவு போட்டுவிட்டு பெட்டிகளோடு வந்திருந்தார்கள், திருப்பூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கிளம்பி, அம்மா வீட்டுக்குள் போகாமல் அம்மா வீட்டு வாசலில் இறங்கி, விடுமுறையைத் தொடங்கினார்கள்.

உள்ளே மலைக்குளிர் அப்படியே இருந்தது. வட்டச் சுவரை ஒட்டி ஐந்து கட்டில், ஒவ்வொன்றிலும் கொக்கு மாதிரி மடித்த ஒரு துண்டு. தினகரன் திட்டத்தை விடவில்லை. காலையில் எல்லாரையும் எழுப்பித் தண்ணீர் தொட்டிக்குப் பின்னால் சூரியன் வருவதைக் காட்டினான். மலையேற்றத்துக்குப் பதிலாகப் பாக்கு மண்டி வரை நடந்து போய் வந்தார்கள். தலைக்கு மேலே கரண்ட் கம்பி போவதால் கேம்ப் ஃபயரை வீட்டுக் கேஸ் அடுப்பில் வைத்து, உருளைக்கிழங்கைச் சுட்டு, சுற்றி நின்று சாப்பிட்டார்கள். மதிய வெயிலில் தெருக்காரர்கள் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து அரை மணி நேரம் கூடாரத்துக்குள் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள், யமுனா வாசலில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் வீட்டுக்காரர் வெண்ணெய் டப்பாவை வைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஷோபனா எடுத்த போட்டோக்களில் மயிலாத்தாளும் இருந்தாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள்.

இரண்டாம் நாள் பகலில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது அவள் ஐந்தாவது கட்டிலில் படுத்துப் பார்த்தாள். மெத்தை நல்ல மெத்தை. நாலாவதில் படுத்தாள், மூன்றாவதில் படுத்தாள், வட்டமாகச் சுற்றி வந்து மறுபடியும் ஐந்தாவதில் படுத்தாள். யமுனா சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வரலை சாமி" என்று மகளிடம் சொன்னாள் மயிலாத்தாள், சாம்பார் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்.

யமுனா தட்டைக் கீழே வைத்தாள். "வராட்டிப் போகுது விடும்மா. எனக்குந்தான் தெனமும் வர்றதில்லை."

"உனக்கு மொதல்லயாவது வந்துச்சு."

யமுனா ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறாள், அதில் எதுவும் இங்கே பொருந்தவில்லை. அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டாள், குளிர்ந்து கிடந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கத்து விதி. பெட்டிகளை வெளியே வைத்தார்கள், கொக்குத் துண்டுகளை எண்ணி உள்ளே வைத்தார்கள், கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. கூடாரம் அசையவில்லை. பிரமிளா போனில், அடுத்த குடும்பம் செக்போஸ்ட் வரிசைல நிக்கிறாங்கம்மா, கொஞ்சம் அனுப்பி வைங்க என்று கெஞ்சினாள். பத்துப் பேர் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். கற்பூரம் காட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மேலே போகச் சொல்லி முறையாக வேண்டுகோள் வைத்தார்.

அப்போதுதான் கண்டக்டர் சூசை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார், நாச்சிமுத்துவோடு பதினாலு வருஷம் அதே மலையில் டிக்கெட் கிழித்தவர். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கீழ எறங்கும்போது காலி வண்டியா வரலாமுங்க, மலை ஏறுறப்ப ஆள் இல்லாம எந்த வண்டி கிளம்பியிருக்கு என்றார். சொல்லிவிட்டு அவரே முதலில் ஏறி உட்கார்ந்து பார்த்தார், நகரவில்லை. தலைவர் ஏறினார், கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள், நகரவில்லை. பதிவு செய்த பேர்கள் யார் யார் என்று சூசை கேட்டார். தினகரனும் ஷோபனாவும் யமுனாவும் ஏறி உட்கார்ந்ததும் கம்பளி ஓரம் நான்கு விரல் உயர்ந்து நின்றது, அதற்கு மேல் இல்லை. எல்லாரும் மயிலாத்தாளைப் பார்த்தார்கள், அப்புறம் பழனாத்தாளைப் பார்த்தார்கள். வருஷம் திரும்ப இன்னும் நாலு மாசம் இருந்தது.

பழனாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்த விருந்தாளி எழுந்து போக முடியாமல் வாசலில் உட்கார்ந்திருப்பது அவள் பிறந்த வீட்டுக்கு வந்த அவமானம். வழியனுப்பப் போகிறவர்கள் பயணம் போகிறவர்கள் ஆக மாட்டார்கள், பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோமில்லையா, இந்த விருந்தாளிக்கு பஸ் ஸ்டாண்டு மேலே இருக்கிறது, அதற்கு யார் என்ன செய்வது என்று பொதுவாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பெரியவர்கள் இதில் தப்புக் கண்டுபிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், "ஏறு அம்மிணி" என்றாள்.

மயிலாத்தாள் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறினாள். ஐந்தாவது கட்டிலின் ஓரத்தில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கூடாரம் ஒரு தடவை நன்றாக மூச்சு விட்டு, ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பியது.

இறங்கி வந்த மாதிரி இல்லை, ஏறுவது வேறு மாதிரி இருந்தது. வளைவுக்கு முன்னால் ஒரு இழுப்பு, வளைவில் ஒரு சாய்ப்பு, தாண்டினதும் ஒரு தூக்கு. முதல் வளைவில் பாக்குத் தோப்புகள் கீழே போயின. நான்காவதில் காது அடைத்துக்கொண்டது. தினகரன் ஏதோ சொல்லி ஷோபனா சிரித்தாள், வாய் அசைவதுதான் தெரிந்தது. மயிலாத்தாள் பாறைகளைப் பார்த்தாள், பாறைகளாகத்தான் இருந்தன. ஐந்து, ஆறு. பள்ளத்தில் ஊர் சின்னதாகிக்கொண்டே போனது, அது அவளுடைய ஊர், அதில் அவள் வீடு எது என்று தேட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. ஏழாவது வளைவில் கூடாரம் வேகத்தைக் குறைக்காமல், பழகின கை ஒடிக்கிற மாதிரி ஒரே ஒடிப்பில் திரும்பியது. கட்டில்கள் ஐந்தும் ஒரு பக்கமாகச் சறுக்கின, யமுனா ஷோபனா மேல் விழுந்தாள், மயிலாத்தாளின் காது டக்கென்று திறந்துகொண்டது, கை தன்னால் முன்னால் நீண்டு கதவுச் சட்டத்தைப் பிடித்தது. சட்டம் சில்லென்று இருந்தது.

"ஏனுங்க" என்றாள். "வளைவுல கொஞ்சம் மெதுவாப் போங்க."

கூடாரம் மெதுவாகியது.

பிள்ளைகள் மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள், விழுந்தவள் எழுந்துகொள்ளவில்லை. மயிலாத்தாள் சட்டத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தாள். எட்டாவது வளைவு வந்தது, அது நிதானமாக, ஒரு தம்ளர் தண்ணீர் தளும்பாத அளவுக்கு நிதானமாகத் திரும்பியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா உங்களுக்கு?"

அதற்கப்புறம் அவள் நிறுத்தவில்லை. ஐந்து பேருக்கு இடம் சொல்லி வைத்தவர் அந்த ஐந்தில் ஒருத்தியிடம் வாயைத் திறக்காமல் இருந்தது என்ன நியாயம் என்று கேட்டாள். சட்டையில் ஒரு கையை நுழைத்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு குரல் கொடுத்திருந்தால் சமையலறையிலிருந்து வர எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டாள். அந்த இன்னொரு கை எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா என்றாள். முதலில் சத்தம் இல்லாமல் கேட்டாள், பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் சத்தமாகக் கேட்டாள், பதினைந்துக்கு மேல் கேட்பது எது அழுவது எது என்று கூட இருந்தவர்களுக்கே பிரிக்கத் தெரியவில்லை, வாந்தி எடுத்தாள் என்றும் சிலர் சொல்கிறார்கள், மலைப்பாதையில் அதுவும் நடக்கிறதுதான். அவள் பேசப் பேசக் கூடாரம் இன்னும் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, கடைசியில் நடந்துபோகிற ஆள் முந்திவிடுகிற வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் மூன்று பஸ், ஏழெட்டு லாரி, கணக்கில்லாத கார்கள், அதில் தங்க மேலே போகிற அடுத்த குடும்பத்தின் வேன் உட்பட, வளைவுக்கு வளைவு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தன. இருபத்திரண்டாவது வளைவு வரைக்கும் ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை.